கொடிப் பாட்டு

சிவகாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பஃபலோ ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். மீன்காரரோடு சண்டை, தண்ணீர்க் குழாயடியில் சண்டை, பஸ் கண்டக்டரோடு சண்டை. அந்தக் கண்டக்டர் பாலகிருஷ்ணனையே பிறகு கல்யாணமும் செய்துகொண்டாள். "சீட்டு கேட்டேன், வாழ்நாள் முழுக்கத் திட்டு கெடைச்சது" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் அவள் பாடி யாரும் கேட்டதில்லை. தொட்டிலை ஆட்டும்போதுகூட வாயை இறுக மூடிக்கொண்டு ஆட்டுவாள். நல்ல கனமான, தெளிந்த குரல். அதைக் கொண்டு திட்டுவாளே தவிர ஒரு வரி பாடமாட்டாள்.

அந்தக் கோபத்துக்கும் பாடாத வாய்க்கும் காரணம் ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு முன்னால், 1952இலிருந்து ஆறு வருஷம், ஜாலான் புசார் பக்கம் இருந்த மூன்லைட் அரங்கத்தில் அவளுக்கு வேலை. மேடைக்குப் பின்னால் இருக்கும் ஒப்பனை அறைதான் அவள் இடம். ஊசி, நூல், இஸ்திரிப் பெட்டி, ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர். ஹாங்காங் வித்தைக்காரர்கள், மணிலா இசைக்குழு, மதராஸ் நாடகக்காரர்கள் என்று யார் வந்தாலும் அவர்கள் உடுப்புக்கு அவள்தான் பொறுப்பு. மேலாளர் தனசேகரன் கத்திப் பேசுகிறவர். ஆனால் வேலை தெரிந்தவளை விடமாட்டார்.

1958இல் ஒருநாள் அவர் ஒப்பனை அறைக்கே வந்தார்.

"ஒனக்கு ஜப்பான் பாஷ தெரியும்ல?"

"தெரியாது."

"பொய் சொல்லாதலா. ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல பள்ளிக்கூடம் போன புள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியும். தோக்கியோலேர்ந்து பாட்டுக்காரங்க வர்றாங்க. பெரிய பாட்டுக்காரி ஒருத்தி இருக்கா, ஃபுமின்னு பேரு. அவளோட நீதான் பேசணும்."

சிவகாமி மறுத்துப் பார்த்தாள். டிக்கெட் கவுண்டரில் உட்காரும் நஃபீசாதான் சமாதானம் சொன்னாள். "ஏழு நாளு ஆட்டம்தானேடி. துணிய இஸ்திரி போடு, போயிடுவாங்க."

ஃபுமிக்கு அப்போது முப்பத்தேழு வயது. கூட வந்த பெண்கள் எல்லாம் இருபதைத் தாண்டாதவர்கள். மேடையில் ஓடினார்கள், சுழன்றார்கள், விசிறியை வீசினார்கள். மூன்றாம் நாளே இரண்டு பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஃபுமி ஐஸ் தண்ணீரைத் தொடமாட்டாள். காலையில் கஞ்சி. ஒத்திகையோ ஆட்டமோ தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வாய் திறக்காமல், தேனீ மாதிரி அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருப்பாள். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. பிறகு மேடைக்குப் போய் நின்றால் நின்றதுதான். வலக்கையை இடது மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டு, கடைசி வரிசைக்கும் மேலே எங்கோ ஓர் இடத்தைப் பார்த்தபடி அசையாமல் நிற்பாள். கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் கொறிப்பதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகுதான் குரலை எடுப்பாள். பாஷை புரியாத சீனர்களும் மலாய்க்காரர்களும் தமிழர்களும் வாயைப் பிளந்து கேட்டார்கள். "நிக்கிறதுக்கே டிக்கெட் வாங்கலாம்" என்றார் தனசேகரன்.

அந்த ஆட்டம் எதையும் சிவகாமி பார்க்கவில்லை; கஞ்சியையும் முனகலையும் மட்டும் ஒத்திகை நாட்களில் பார்த்தாள், முதல் ஆட்டத்தன்று நடந்த கடைசி ஒத்திகையிலேயே அது நடந்துவிட்டது.

மத்தியானம். மேடையில் பியானோவும் ஃபுமியும் மட்டும். சிவகாமி திரை ஓரத்தில் நின்று ஒரு பட்டுக் கைப்பகுதிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். ஃபுமி பாடத் தொடங்கினாள்: "உமி கோஏதே கிதா ஹிதோ." கடல் தாண்டி வந்தவனே. அந்த வருஷம் ஜப்பானில் அதுதான் மிகப் பிரபலமான பாட்டு என்று நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்தது. துறைமுகத்தில் காத்திருக்கும் ஒரு காதலியின் பாட்டு.

சிவகாமியின் மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் உடம்புக்கு எட்டிவிட்டது. இரண்டு பாதங்களும் தாமாகவே சேர்ந்து நின்றன. மூன்றாவது வரி முடியும் இடத்தில் வலது கை ஊசியோடு மேலே போனது. அந்த இடத்தில்தான் பிள்ளைகள் எல்லோரும் கொடியை உயர்த்த வேண்டும்.

அது காதல் பாட்டு இல்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த மெட்டில் 'ஹிதோ' இல்லை, 'ஹதா' இருந்தது. ஹதா என்றால் கொடி. கடல் தாண்டி வந்த கொடியே.

1943இல், ஜப்பான் பட்டாளம் ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது, அவளுக்குப் பதினோரு வயது. அப்பா மருதப்பன் மாடு வளர்த்துப் பால் விற்றவர். இரண்டு மாடுகளையும் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் ஜப்பானியப் பாட்டு பாட வேண்டும். குரல் நன்றாக இருந்ததால் வாத்தியார் சிவகாமியை முன்வரிசையில் நிறுத்தினார். ஒருநாள், தோக்கியோவிலிருந்து ஒரு பாடகி வருகிறாள், தேக்கா சந்தைக்கு அப்பால் உள்ள திடலில் இலவசக் கச்சேரி, பள்ளிப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து பாடவேண்டும் என்று அறிவித்தார்கள். பார்க்க வரும் ஆண்கள் ஒவ்வொருவருக்கும் பால் டின் அளவு அரிசி.

மருதப்பன் அரிசிக்காகவும் வந்தார், மகள் பாடுவதைக் கேட்கவும் வந்தார். ஒட்டுப் போடாத சட்டை அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது; அதைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார். பாடகி காக்கிப் பாவாடையும் தொப்பியுமாக மேடையேறினாள். வலக்கையை இடது மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்று பாடினாள். இரண்டாம் சரணத்தைச் சிவகாமி தனியாக எடுக்க, மற்றப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டியது தெரிந்தது.

முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இனிப்பு ரொட்டி கொடுத்தார்கள். ஆண்களை, அரிசி அந்தப் பக்கம் என்று திடலின் மறுகோடிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே தார்ப்பாய் போட்ட ஆறு லாரிகள் நின்றன. துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பக்கமும் வந்து நின்றபோதுதான் கூச்சல் எழுந்தது. லாரிகள் புறப்பட்டுப் போயின. சிவகாமியின் வாயில் ரொட்டி பாதி மென்றபடி இருந்தது.

சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. சண்டை முடிந்து ஒருசிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மருதப்பன் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அதனால் அம்மா பாக்கியலட்சுமி நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. மகளோ வாயை மூடிக்கொண்டாள். நான் பாடாமல் இருந்திருந்தால் அப்பா அந்தத் திடலுக்கு வந்திருக்கமாட்டார் என்று பதினோரு வயதில் முடிவு செய்தாள். அந்த முடிவை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் யாராலும் மாற்ற முடியவில்லை.

இதோ, அதே பாட்டுக்காரி. அதே மெட்டு.

மாலை ஆட்டத்துக்கு முன்னால் ஃபுமியின் இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டுக்கொண்டே, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து, சிவகாமி ஜப்பானிய மொழியில் கேட்டாள். "அம்மா, நீங்கள் இதற்கு முன்னால் இந்த ஊருக்கு வந்திருக்கிறீர்களா?"

கண்ணாடியில் அந்தக் கண்கள் ஒரு நொடி அவளைப் பார்த்தன. பிறகு உதட்டுச் சாயத்துக்குக் கை நீண்டது.

"இல்லை. இதுதான் முதல் தடவை. அழகான ஊர்."

சிவகாமி பட்டையை அப்படியே விட்டாள். பத்து முழம் பட்டு தரையில் சரிந்தது. நேராகத் தனசேகரனிடம் போனாள்; மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சரி, பாவம்தான். எனக்கும் சித்தப்பா போனாரு. அதுக்கு நா என்ன செய்ய? ஹவுஸ்ஃபுல்லா இருக்கு. செத்தவங்கள மேடைக்குக் கொண்டு வராத."

"எங்கப்பாவ மேடை காட்டித்தான்யா கூட்டிட்டுப் போனாங்க!"

"மெல்லப் பேசு!"

"பேசமாட்டேன். நா அவளுக்குத் துணி கட்டமாட்டேன். அந்தப் பாட்ட பாடக்கூடாதுன்னு சொல்லுங்க."

"நீ போயிடு," என்றார் தனசேகரன். "நாளைலேர்ந்து வராத."

போய்விட்டாள். ஏழு நாளும் ஹவுஸ்ஃபுல்.

அதற்குப் பிறகு வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்தாள். கல்யாணம் நடந்தது, இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். 1962இல் சிக்லாப் பக்கம், ஜப்பான் பட்டாளம் கொன்று புதைத்தவர்களின் எலும்பு தோண்டத் தோண்ட வந்தபோது ஊரே கொதித்தது. சீனர்கள் தங்கள் ஆட்களுக்காகத் தெருவில் இறங்கிக் கேள்வி கேட்டார்கள். சிவகாமி தைத்துக்கொண்டே தினமும் பேப்பரைக் கணவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். சயாமுக்குப் போன தமிழர்களைப் பற்றி ஒரு வரி வருகிறதா என்று கேட்பாள். "இன்னிக்கி இல்ல" என்பார் பாலகிருஷ்ணன், ஏதோ தான் செய்த தப்பு மாதிரி.

1966 ஏப்ரலில் சுவரெங்கும் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஃபுமி மறுபடி வருகிறாள். அவள் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: 'இருபத்தைந்து ஆண்டுகளாக அதே குரல்!' எட்டு வருஷத்துக்கு முன் கூட வந்த சின்னப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் இல்லை. அவர்கள் எல்லாம் என்ன ஆனார்களோ. இவள் மட்டும் நிற்கிறாள்.

பாலகிருஷ்ணன் வேலை முடிந்து வந்தபோது சிவகாமி அந்த நோட்டீஸைச் சுவரிலிருந்து கிழித்துவந்து மேசைமேல் விரித்து வைத்திருந்தாள்.

"இருபத்தஞ்சு வருஷமாம். அதுக்குள்ள நாப்பத்து மூணும் இருக்குல்ல? அதையும் சேத்துத்தானே மார் தட்டுறா?"

"பழச விடும்மா. நீ போயி என்ன செய்யப்போற?"

"தெரியல. ஆனா போகப்போறேன்."

"நானும் வரவா?"

"வேணாம். நீங்க வந்தா என் கையப் புடிச்சு ஒக்கார வச்சிருவீங்க."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம். நஃபீசா இன்னும் அதே கவுண்டரில்தான் இருந்தாள். சிவகாமியைப் பார்த்ததும், ஏழாவது வரிசையில் நடுப்பக்கம் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். "தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

முன் வரிசைகளில் ஜப்பானியக் கம்பெனிக்காரர்கள் மனைவி மக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் முழுக்க உள்ளூர்க் கூட்டம். ஃபுமிக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. கழுத்தில் சதை விழுந்திருந்தது. பவுடரை மீறித் தெரிந்தது. ஆனால் அந்த நிற்பு மாறவில்லை. குரல் முன்னைவிட ஒரு படி இறங்கி, இன்னும் இழைந்து வந்தது. பாடுகிறவளுக்கு அந்தக் குரல் எவ்வளவு உழைப்பு என்று சிவகாமிக்குத் தெரியும். அந்தக் கஞ்சியையும் அந்த ஒரு மணி நேர முனகலையும் கண்ணால் பார்த்தவள். பாட்டு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவளுக்குத் தாளவில்லை. மட்டமாகப் பாடியிருந்தால் எழுந்து போயிருப்பாள்.

நாலாவது பாட்டாக அது வந்தது. முதல் சரணம் முடிந்தது. நடுவில் வயலின்கள் வாசித்தன. ஃபுமி இரண்டாம் சரணத்தை எடுக்க மூச்சை இழுத்தாள்.

சிவகாமி எழுந்து நின்று பாடினாள்.

முதல் வரி கரகரப்பாக வந்தது. இருபத்துமூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த தொண்டை. இரண்டாவது வரியில் திறந்துகொண்டது. திட்டித் திட்டி உரமேறிய குரல், மைக் இல்லாமலே அரங்கத்தின் கடைசிவரை போனது. 'ஹிதோ' என்று பாடவில்லை. ஹதா. கடல் தாண்டி வந்த கொடியே, உன் நிழலில் நாங்கள் நிற்கிறோம். வாத்தியார் சொல்லிக்கொடுத்த பழைய வரிகளை ஒன்றுகூட விடாமல், ஒவ்வொரு சொல்லையும் கல்லெறிவதுபோல எறிந்தாள்.

மூன்று வரிசை முன்னால் இருந்த ஒரு சீனப் பெண், சிவகாமியின் வயதுதான் இருக்கும், திரும்பிப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவளும் அந்தக் காலத்தில் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் நின்றிருக்க வேண்டும். இன்னும் இரண்டொருவர் அப்படித் திரும்பினார்கள். முன்வரிசை ஜப்பானியர்களில் வயதான ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஃபுமியின் வலக்கை மணிக்கட்டிலிருந்து நழுவித் தொங்கியது. அவள் பாடவில்லை. வாத்தியக்காரர்கள் தங்கள் தலைவரையே பார்த்து வாசிப்பவர்கள்; அவர்கள் நிறுத்தவில்லை. விளக்குக்காரர் என்ன நினைத்தாரோ, பெரிய வெளிச்சத்தைத் திருப்பிச் சிவகாமிமேல் போட்டார்.

கடைசி வரியையும் பாடி முடித்துவிட்டு அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

கைதட்டினார்கள்.

அரங்கம் அதிரத் தட்டினார்கள். இளைஞர்கள் விசில் அடித்தார்கள். ஃபுமி மேடையிலிருந்து அவளைப் பார்த்து, இடுப்பு மடிய, நெற்றி முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தாள். கைதட்டல் இரண்டு மடங்கானது. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து நின்று கேட்டார்: "சிஸ்டர், நீங்க ட்ரூப்போட வந்தவங்களா? சூப்பரான ஏற்பாடுலா!"

சிவகாமியைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வரிசையில் இருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைவழியில் தனசேகரன் ஓடிவந்தார். தலை நரைத்துவிட்டது, குரல் குறையவில்லை.

"ஏம்மா, முன்னாடியே சொல்லியிருந்தா பேப்பர்காரங்கள வரச் சொல்லியிருப்பேன்ல? ஆறு மணி ஆட்டத்துக்கும் இத செய்றியா?"

"நா என்ன பாடுனேன்னு ஒங்களுக்குத் தெரியுமாய்யா?"

"என்ன பாடுனா என்ன, கூட்டத்துக்குப் புடிச்சிருக்கு!"

அவள் கை ஓங்கிவிட்டாள். நஃபீசா வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிவகாமி, அந்தம்மா ஒன்னயக் கூப்புடறாங்க. உள்ள. தனியா."

இடைவேளை. பழைய ஒப்பனை அறை. சுவருக்கு மட்டும் புது வண்ணம். ஃபுமி மற்றவர்களை வெளியே அனுப்பியிருந்தாள். ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். சிவகாமி உட்காரவில்லை.

"எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கண்ணாடியில்தான் என்னைக் கேட்டீர்கள்," என்றாள் ஃபுமி ஜப்பானிய மொழியில். "எனக்கு நினைவிருக்கிறது."

"முதல் தடவை என்றீர்கள்."

"அப்போது எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். இங்கே முன்பு வந்தவர்கள் அத்தனை பேரும் முதல் தடவை வருவதாகத்தான் சொன்னோம்."

"நான் உங்கள் பின்னால் நின்று பாடியவள். என் அப்பா உங்கள் கச்சேரி பார்க்க வந்தவர். லாரிகளைப் பார்த்தீர்களா?"

ஃபுமி மேசைமேல் இருந்த சுடுதண்ணீர்க் குவளையை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

"பார்த்தேன். சம்பள வேலைக்குப் போகிறார்கள் என்று அதிகாரி சொன்னார். எனக்கு இருபத்திரண்டு வயது. நம்பினால் நிம்மதி, அதனால் நம்பினேன். எனக்கு நாலு மணிக்கு இன்னொரு முகாமில் கச்சேரி இருந்தது."

"உண்மை எப்போது தெரிந்தது?"

"போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து. பத்திரிகையில்."

"அதற்குப் பிறகுதானே வார்த்தையை மாற்றினீர்கள்?"

"மெட்டுப் போட்டவர் போரில் இறந்துவிட்டார். நல்ல மெட்டு. அதை வீணாக்க வேண்டாம் என்று ரெக்கார்டு கம்பெனியில் சொன்னார்கள்."

அந்த இடத்தில் சிவகாமிக்கு ஜப்பானிய மொழி அறுந்துபோனது. தமிழில் கத்தினாள். "மெட்ட வீணாக்க வேணாம்னாங்களா? எங்கப்பாவ வீணாக்கலாமா? மனுசன் போனா பரவால்ல, மெட்டு போகக்கூடாதா? சொல்லுடி!"

ஃபுமிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அவள் முகம் வெளுத்தது. அழவில்லை. அழுதிருந்தால் சிவகாமிக்கு இன்னும் ஆத்திரம் வந்திருக்கும்.

"என்னிடம் என்ன வேண்டும் உங்களுக்கு?" என்றாள் ஃபுமி மெதுவாக.

சிவகாமி மூச்சைச் சமன் செய்துகொண்டு மறுபடி ஜப்பானிய மொழிக்கு வந்தாள். "ஆறு மணிக்கு மைக்கில் சொல்லுங்கள். இந்தப் பாட்டு முன்பு என்னவாக இருந்தது, எந்தத் திடலில் பாடினீர்கள், பிறகு அந்தத் திடலில் என்ன நடந்தது. அவ்வளவுதான். மன்னிப்புக்கூட வேண்டாம்."

"சொல்ல முடியாது." ஃபுமி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொன்னால் என் இருபத்தைந்து வருஷமும் போய்விடும்."

"என் அப்பா வாழ்ந்ததே முப்பத்துநாலு வருஷம்," என்று சொல்லிவிட்டுச் சிவகாமி கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

ஆறு மணி ஆட்டத்தில் ஃபுமி அந்தப் பாட்டைப் பாடவில்லை. கூட்டம் எழுந்து நின்று கேட்டதாம். தொண்டை சரியில்லை, மன்னிக்க வேண்டும் என்று கைகூப்பினாளாம். மறுநாளும் அப்படியே; மீதி இருந்த ஆட்டங்களிலும் பாடவில்லை. நஃபீசா இதை ஏதோ நல்ல செய்தி கொண்டுவருகிறவள்போல ஓடிவந்து சொன்னாள்.

"பாத்தியா? நீ ஜெயிச்சிட்ட!"

"தொண்ட சரியில்லன்னா சொன்னா?" என்றாள் சிவகாமி. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைத் தூக்கி எறிந்தாள். "அன்னிக்கி மொத தடவன்னா. இன்னிக்கி தொண்ட சரியில்லங்கிறா. அந்தத் தொண்டைக்கி ஒரு நாளும் ஒண்ணும் ஆகாது நஃபீசா. நா பாத்திருக்கேன் அவ எப்படிக் காப்பாத்துறான்னு."

அன்று சாயங்காலமே பாலகிருஷ்ணனை உட்காரவைத்து, தமிழ்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நாலு பக்கம் வந்தது. கோபத்தில் அவள் சொன்ன சில வார்த்தைகளை எழுத அவருக்குக் கை வரவில்லை. "அத அவங்க போடமாட்டாங்கம்மா" என்று கெஞ்சினார். திடல், அரிசி, லாரி எல்லாம் எழுதினார்கள். பத்திரிகையில் அது கால் பக்கமாகச் சுருங்கி வந்தது. ஆனாலும் வந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மருமகனை வாசிக்கச் சொன்னாள். "அங்கே இறந்துபோன என் தந்தை" என்ற இடத்தில் அவள் கை பத்திரிகைமேல் விழுந்தது.

"யாருடி செத்தது?"

"அம்மா..."

"நீ பாத்தியா? ஒன்கிட்ட எவனாச்சும் வந்து சொன்னானா? எங்கிட்ட கேக்காம எழுதிட்டியா? அந்த வார்த்தய எடுக்கச் சொல்லு. காணோம்னு போடச் சொல்லு."

எல்லோரையும் எதிர்த்துப் பேசும் சிவகாமி, அம்மா முன்னால் மட்டும் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாக்கியலட்சுமி பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டைப் பேத்திகள் கையால் வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் துரைசாமி என்பவர். செம்பவாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே சதையே இல்லை. அந்த ஆறு லாரிகளில் ஒன்றில் ஏற்றப்பட்டவர், திரும்பி வந்தவர். மருதப்பன் என்று யாரையும் தனக்குத் தெரியாது என்றார். லாரிகளைத் தனித்தனி முகாமுக்குப் பிரித்துவிட்டார்களாம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள். 'தெரியாது' என்று அவர் சொன்னபோது மெல்ல மூச்சு விட்டாள். ஆறுதலா, ஏமாற்றமா என்று சிவகாமிக்கு விளங்கவில்லை.

அடுத்து அண்ணனைப் பறிகொடுத்த ஒரு தையல்காரர் வந்தார். பிறகு ஜரீனா என்ற பெண். அவளுடைய வாப்பா அரிசி வாங்கத்தான் அங்கே போனாராம். அதே திடல், அதே நாள். இத்தனை வருஷமும் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இருந்திருக்கிறார்கள்.

"நா பாட்டு பாடிட்டு இருந்தேன்," என்று சிவகாமி ஜரீனாவிடம் சொன்னாள். யாரிடமும் அதுவரை சொல்லாததை, காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் சொன்னாள். "நா பாடலன்னா அப்பா வந்திருக்கமாட்டாரு."

ஜரீனா கத்தியைக் கீழே வைத்தாள். "அக்கா, எங்க வாப்பாவுக்குப் பாட்டே புடிக்காது. அவரும்தான் போனாரு. ஒங்க மேல என்னக்கா இருக்கு? லாரிய அங்க கொண்டு வந்து நிறுத்துனது நீங்களா?"

சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்று சொல்லிவிட்டு, மறுபடி நறுக்கினாள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர். என்ன வேலை செய்தார், என்ன சட்டை போட்டிருந்தார், வீட்டில் யார் யார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் ஜரீனாவும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். சிலர் அழுதார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. டன்லப் தெருவில் ஒரு கடைக்காரர், "ஜப்பான்காரன் இப்ப ஜூரோங்ல ஃபேக்டரி தொறக்குறான், எம் மவன் அங்க வேலைக்குப் போறான், இப்பப் போயி இதக் கெளறணுமா?" என்று கேட்டார். அவள் அந்தக் கடை வாசலிலேயே நின்று அரை மணி நேரம் அவரைத் திட்டினாள். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தில் நின்ற ஒரு கிழவி, கடைசியில் அவள் முழங்கையைத் தொட்டு, "எம் புருசன் பேர எழுதிக்கம்மா" என்றாள்.

ஃபுமி அதன் பிறகும் பாடிக்கொண்டுதான் இருந்தாள். முப்பதாவது வருஷத்துக்கு அவளுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்ததாகப் பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தது. பாலகிருஷ்ணன் அதை வாசிக்கவா வேண்டாமா என்று தயங்கினார். "வாசிங்க" என்றாள் சிவகாமி. கேட்டுவிட்டு, "கழுத்து ரொம்பத் தொங்கியிருக்கும்" என்றாள். அன்றைக்கு நோட்டில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. கேலாங் பக்கம் ஆளைப் பறிகொடுத்த இன்னும் இரண்டு குடும்பம் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஜரீனாவைக் கூப்பிடப் போனாள்.